ராசியான விண்ணப்பம்

போடிநாயக்கனூர்ப் பக்கம் எழுபதுகளில் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்களில் பாதிப் பேருக்கு அப்பா கிடையாது. அம்மா சீக்காளி. கல்யாணம் ஆகாத தங்கைகள் சரியாக இரண்டு பேர். காகிதத்தில்தான் இப்படி. நேரில் போய்ப் பார்த்தால் அந்த அப்பாக்கள் டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டோ, தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடவில்லை என்று யாரையாவது திட்டிக்கொண்டோ திடகாத்திரமாக இருப்பார்கள். பெண் பிள்ளையே பிறக்காத வீட்டுப் பையனுக்கும் இங்கிலீஷில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். இந்தக் கூத்துக்குக் காரணம் செல்லக்கிளி என்ற டைப்பிஸ்ட். ஆனால் பழியை முழுக்க அவள் தலையில் கட்டிவிட முடியாது. நடந்ததைச் சொன்னால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

செல்லக்கிளிக்குப் பொட்டிபுரம். அப்பா ஜக்கையனுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பொய்த்த வருடங்களில் அவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் போய் வேலை பார்ப்பார். அறுபத்தொன்பதில் அப்படிப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, தானே நடந்து போடிமெட்டு ரோட்டுக்கு வந்து, கீழே இறங்கும் ஜீப்புக்காகக் காத்திருந்தவர், ஜீப்பு வருவதற்குள் இறந்துபோனார். செல்லக்கிளி அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். கீழே இரண்டு தங்கைகள். அம்மா சுந்தரம்மாளுக்கு அந்த அதிர்ச்சியில் விழுந்த மூச்சிழுப்பு கடைசிவரை விடவில்லை. ஆக, போடிப் பக்கத்து விண்ணப்பங்களில் வந்த குடும்பம் பொய்க் குடும்பம் இல்லை. அது செல்லக்கிளியின் சொந்தக் குடும்பம்.

சீக்காளி என்றாலும் சுந்தரம்மாளுக்குக் காரியத்தில் கண். மகளை வயலுக்கு அனுப்பாமல் போடிக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பினாள். காலை முதல் பஸ்சில் போய், ஒரு மணி நேரம் தட்டிவிட்டு, அடுத்த பஸ்சில் திரும்பி வருவாள் செல்லக்கிளி. இரண்டு வருடத்தில் இங்கிலீஷ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். எழுபத்தொன்றில் ஒரு சொசைட்டியில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள்.

மாதிரிக் கடிதங்கள் அடங்கிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கையில் இருந்தது. லீவு கேட்பதற்கு, மாடு காணாமல்போனால் போலீசுக்கு, துக்கம் விசாரிப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் அதில் கடிதம் உண்டு. தலைப்பையும் முடிவையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டாள். நடுவில் வரும் பத்தி மட்டும் அவளுடையது. தந்தை அகாலமாக மறைந்தார், நோயுற்ற தாயும் திருமணமாகாத தங்கைகள் இருவரும் என்னையே நம்பியிருக்கின்றனர், தாங்கள் கருணை கூர்ந்தால் ஒரு குடும்பமே தலையெடுக்கும். இவ்வளவுதான். இதை இங்கிலீஷில் கொண்டுவர அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. இண்டர்வியூவில் வயதான ஒரு அதிகாரி அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "நல்ல இங்கிலீஷ்" என்றார். வேலை வேறு யாருக்கோ போனது. வேலை போனாலும் அந்த வார்த்தை அவளிடம் தங்கிவிட்டது.

மூசா ராவுத்தர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேப்பர், கார்பன், கவர் விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் இருந்த ஒரு சின்ன அறையில் ஒரு டைப்ரைட்டிங் மிஷினைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "தங்கச்சி, நீ அடிச்சாத்தான் எனக்குப் பேப்பர் ஓடும். ஒண்ணும் யோசிக்காம வா" என்று அவர் சொன்னதில் யாவாரமும் இருந்தது, நல்ல மனதும் இருந்தது. இங்கிலீஷ் ஜாப் டைப்பிங் என்று போர்டு மாட்டினாள். காலேஜில் சேர மனு, ஸ்காலர்ஷிப் மனு, நன்னடத்தைச் சான்றிதழுக்கு நகல், வேலைக்கு விண்ணப்பம் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்குத் தன் விண்ணப்பத்தையே மாதிரியாக வைத்து அடித்தாள். அதைவிட நல்ல இங்கிலீஷ் அவளிடம் இல்லை.

முதலில் அவரவர் கதைக்குத் தகுந்தபடி மாற்றித்தான் அடித்தாள். ராசிங்காபுரத்துச் சுருளிவேல் விஷயத்தில்தான் எல்லாம் தடம் மாறியது. சுருளிவேலுக்கு நிஜமாகவே அப்பா இல்லை, இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். அதனால் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பையனுக்குக் கரண்ட் ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது. வாழைத்தாரோடு வந்து நின்றான். ஊரில் போய் என்ன சொன்னானோ, அடுத்த வாரமே அவன் சொந்தக்காரப் பையன் வந்து, "அண்ணனுக்கு அடிச்ச கடுதாசியவே எனக்கும் அடிங்கக்கா" என்றான். "உனக்கு அப்பா இருக்காரேப்பா" என்றாள் செல்லக்கிளி. "இருந்துட்டுப் போறாரு. நீங்க மாத்தாதீங்க" என்றான். கெட்ட நேரமோ நல்ல நேரமோ, அவனுக்கும் வேலை கிடைத்தது.

அதற்கப்புறம் யார் சொல்லி நிறுத்துவது? செல்லக்கிளி கை ராசி, அந்தக் கடுதாசி ராசி என்று மலையடிவாரம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒரு தடவை அவளுக்கே மனசாட்சி உறுத்தி, மொக்கையன் என்ற பையனுக்குத் தங்கைகளை எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தாள். வேலை கிடைக்கவில்லை. அவன் அம்மா மாயக்காள் கடை வாசலில் நின்று, "ஊருக்கெல்லாம் ரெண்டு தங்கச்சி குடுத்தவளுக்கு என் மகனுக்கு மட்டும் குடுக்க மனசு வரலையாக்கும்!" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சத்தம் போட்டுவிட்டுப் போனாள். அன்றோடு செல்லக்கிளி மாற்றுவதை விட்டாள். கேட்பதையும் விட்டாள். மாதிரித் தாளைப் பார்க்காமலேயே விரல் அடித்துவிடும். அகாலமாக மறைந்த தந்தை என்ற இடம் வரும்போது ஆரம்பத்தில் நெஞ்சில் ஏதோ நெருடும். போகப்போக அதுவும் நின்றுபோனது.

மலையில் இருக்கிறவர்கள் ஒரு விண்ணப்பத்துக்காக இரண்டு தடவை இறங்கி ஏற முடியாது. அதனால் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்தைப் போட்டு, கீழே இறங்குகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். மேலே உள்ளதை செல்லக்கிளி அடித்து, அப்படியே தபாலில் சேர்த்துவிடுவாள். கையெழுத்துப் போட்டவர் தன் பெயரில் என்ன போயிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. நம்பிக்கை என்று இதைச் சொல்லலாம், சோம்பல் என்றும் சொல்லலாம். எழுபத்தெட்டாம் வருடம் ஆடி மாதம் ஒச்சப்பன் வந்ததும் அப்படி ஒரு தாளோடுதான்.

ஒச்சப்பன் குரங்கணிக்காரர். கழுதைகளில் அரிசியும் உப்பும் மேலே ஏற்றி, ஏலக்காய் மூட்டையைக் கீழே இறக்குகிற வேலை. பொண்டாட்டி இறந்து பதினைந்து வருடமாகிறது. ஒரே மகள் பேச்சி. அவளை ஒற்றை ஆளாக வளர்த்து, போடி ஹாஸ்டலில் விட்டுப் பள்ளிப்படிப்பு முடிக்க வைத்திருந்தார். மலை மேலே ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் களப்பணிக்கு உதவியாள் எடுக்கிறார்கள் என்று எஸ்டேட் கிளார்க் ஒருவர் சொல்லியிருந்தார். மகள் தோட்டத்தில் காய் எடுக்கப் போயிருந்தாள். கடைசித் தேதிக்கு மூன்றே நாள்.

"கையெழுத்து வாங்கிக் கொண்டாந்துட்டேன் தாயி. அந்த ராசியான கடுதாசியப் போட்டு விடு. ஒரு எழுத்து மாத்திராத" என்றார்.

"பேரு, வயசு, படிப்பு சொல்லுங்கண்ணே" என்று மட்டும் கேட்டாள் செல்லக்கிளி. அன்றைக்கு அது அவளுக்கு ஐந்தாவது விண்ணப்பம். எதிரில் நிற்கிற மனிதர்தான் அந்தப் பெண்ணின் அப்பா என்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டே அவர் செத்துப்போனதாக அடித்து முடித்தாள். அந்தக் கவரை அவரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

புரட்டாசியில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஒச்சப்பன் முகத்தில் சிரிப்பு. பேச்சி முகம் அழுது வீங்கியிருந்தது. கையில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கடிதம். இண்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு குறிப்பும் இருந்தது. தந்தையை இழந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆகவே தந்தையின் இறப்புச் சான்றிதழைத் தவறாமல் கொண்டுவர வேண்டும். பேச்சிக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அப்பா என்ற சொல்லையும் சாவு என்ற சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள்.

"எங்கப்பாவ எதுக்குக்கா கொன்னீங்க?" என்றாள்.

ஏழு வருடத்தில் யாரும் செல்லக்கிளியை இப்படிக் கேட்டதில்லை.

"ஏய், சும்மா இரு" என்று மகளை அடக்கினார் ஒச்சப்பன். "தாயி, அது கெடக்கு, சின்னப் புள்ள. இப்ப ஒரு சோலி ஆகணும். எங்க ஊரு கணக்குப்பிள்ளைகிட்டப் பேசிட்டேன். நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுக்குறேங்கிறாரு. ஆனா மேல காட்டுறதுக்கு இவ பேர்ல இங்கிலீஸ்ல ஒரு மனு வேணுமாம். அதை வெரசா அடிச்சுக் குடு. இண்டர்வியூவுக்கு எட்டு நாள்தான் இருக்கு."

"அண்ணே, நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியாம என்ன? அப்பன் செத்தாத்தான் வேலைன்னா செத்துட்டுப் போறேன். காகிதந்தான தாயி. நான் என்ன நாளைக்குச் சோறு திங்காமயா இருக்கப் போறேன்? இவ இந்தக் கழுதைகூடவும் காய்கூடவும் மல்லுக்கட்டாம, ஒரு ஆபீசுல நிழல்ல இருந்தாப் போதும்."

"எனக்கு அந்த வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றாள் பேச்சி. "இவரு உசுரோட இருக்கையில நான் சாவுக் காகிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்கணுமாக்கா?"

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மூசா ராவுத்தர் எழுந்து வந்தார். "அடிச்சுக் குடுத்துராத தங்கச்சி. இது கடுதாசி இல்ல, பொய்ச் சாட்சி" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் செல்லக்கிளி அடித்திருக்க மாட்டாள். அதே சமயம், சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது. சான்றிதழ் இல்லாமல் போனால் பேச்சி பொய்க்காரி ஆகிவிடுவாள். வேலை போவது மட்டுமல்ல, இனி அந்த மலையில் எந்த ஆபீஸிலும் அந்தப் பெயருக்கு மதிப்பிருக்காது. தப்பைச் செய்தது இவள் கை. தலை குனிய வேண்டியது அந்தப் பெண்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. நான் ஒரு கடுதாசி அடிக்கிறேன். அவ பேர்ல இல்ல, என் பேர்ல" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அடிக்க வரவில்லை. புத்தகத்தில் இதற்கு மாதிரி கிடையாது. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பணிவாகக் கேட்கிற இங்கிலீஷ். உண்மையை ஒத்துக்கொள்கிற இங்கிலீஷ் அவளிடம் இல்லை. முதல் தாளில் விரல் பழக்க தோஷத்தில் பழைய பத்திக்கே போய்விட்டது. கிழித்தாள். இரண்டாவது தாளில் மன்னிப்பு மட்டுமே அரைப் பக்கத்துக்கு வந்தது. அதையும் கிழித்தாள். மூன்றாவது தாளில் சின்னச் சின்ன வாக்கியமாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல அடித்தாள்.

முடித்ததும் ஒச்சப்பன், "தமிழ்ல சொல்லு தாயி" என்றார். செல்லக்கிளி படித்தாள்.

"ஐயா, பேச்சியின் விண்ணப்பத்தை அடித்தவள் நான். அவள் அதைப் படிக்கவில்லை. வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் இறந்துபோனதாகச் சொல்லியிருப்பது அவளுடைய அப்பா இல்லை, என்னுடைய அப்பா. அவர் போடிமெட்டில் ஜீப்புக்காகக் காத்திருந்தபோது இறந்தார். பேச்சியின் அப்பா உயிரோடு இருக்கிறார். நான் இதை அடிக்கும்போது எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தாய்தான் இல்லை. தங்கைகளும் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தண்டனை வேண்டாம். தப்பு என்னுடையது."

படிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அப்பா எப்படிச் செத்தார் என்பதை அவள் இங்கிலீஷில் எழுதியது அதுதான் முதல் தடவை. அகாலம் என்ற ஒரு சொல்லுக்குள் அவரை அடைத்து, கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. ஒச்சப்பனுக்கு, ஆசைப்பட்ட மனு கிடைக்கவில்லை என்ற ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. "இதைக் கொண்டுபோனா வேலை போச்சுன்னு அர்த்தம்" என்றார் கடைசியில்.

"இருக்கலாம்ணே. நானும் கூட வர்றேன்" என்றாள் செல்லக்கிளி.

இண்டர்வியூ அன்று மூன்று பேரும் காலை பஸ்சில் ஏறினார்கள். அடிவாரத்து முந்தல் தாண்டி பஸ்சு வளைந்து வளைந்து ஏறியது. அப்பா செத்தபிறகு செல்லக்கிளி அந்த ரோட்டில் ஏறியதே இல்லை. போடிமெட்டில் பஸ்சு பத்து நிமிடம் நின்றது. அப்பா எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. ஒரு டீக்கடை, ஒரு செக்போஸ்ட், ஏலக்காய் மூட்டை ஏற்றிய இரண்டு ஜீப்புகள் நின்றன. பேச்சி இறங்கிப் போய் டீ வாங்கிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அதுவரைக்கும் அந்தப் பெண் அவளோடு முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை.

ஆராய்ச்சி நிலையத்து அதிகாரி மலையாளத்துக்காரர். முதலில் பேச்சியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. "இது அடிச்ச ஆளு ஆரு? உள்ள வரட்டும்" என்று குரல் கேட்டது.

செல்லக்கிளி உள்ளே போனாள். மேஜையில் அவளுடைய கடிதம் விரிந்து கிடந்தது. பக்கத்தில் நாடா போட்டுக் கட்டிய ஒரு கட்டு. அதிகாரி கட்டை அவிழ்த்து, விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். ஏழு. ஏழும் அவள் அடித்தவை.

"இந்தக் குட்டியோடது சேர்த்து ஏழு பேரு" என்றார். "ஏழு பேருக்கும் அச்சன் இல்ல. அம்மைக்கு தீனம். ஏழு பேருக்கும் ரெண்டு அனியத்தி." தங்கையைத்தான் அப்படிச் சொன்னார். "உங்க ஊர்ல எந்தா, அச்சன்மாரை மட்டும் பிடிக்கிற வியாதி ஏதும் உண்டோ?"

வேறொரு சமயமாக இருந்தால் செல்லக்கிளியே சிரித்திருப்பாள். ஏழு பேருக்கும் சான்றிதழ் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு வீட்டில் ஆறு அப்பாக்கள் இப்போது என்ன பாடுபடுகிறார்களோ என்று நினைத்தாள்.

"இதுல எது உள்ளது, எது பொய்?" என்று கேட்டார்.

"தெரியாது சார். நான் யாரையும் கேக்கல. அதுல இருக்கிறது எல்லாமே எங்கப்பாதான்" என்றாள்.

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "பேரு எந்தா, உங்க அச்சனுக்கு?"

"ஜக்கையன்" என்றாள். சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான காகிதத்தில் அவர் செத்திருக்கிறார். ஒன்றில்கூட அவருக்குப் பெயர் இல்லை. பெயர் போட்டால் அடுத்தவனுக்கு உதவாது என்று அவள்தான் விட்டிருந்தாள்.

அதிகாரி அவளைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒச்சப்பனைக் கூப்பிடச் சொன்னார். ஒச்சப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க மரிச்சுப் போயின்னு எழுதியிருக்கே?"

"இன்னும் இல்லைங்க சார்."

"அதை எழுதித் தரணும்."

ஆபீஸ் மிஷினில் செல்லக்கிளியையே உட்காரவைத்தார்கள். குரங்கணியில் வசிக்கும் ஒச்சப்பனாகிய நான் பேச்சியின் தகப்பன், இன்றைய தேதியில் உயிரோடு இருக்கிறேன். இரண்டு வரி. ஒச்சப்பன் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தி வைத்தார். முன்னுரிமை இனி இல்லை, பொதுப் பட்டியலில்தான் பெயர் வரும், தகவல் தபாலில் வரும் என்று சொன்னார் அதிகாரி. பிறகு மஞ்சள் கோடு விழுந்த ஏலக்காய் இலை ஒன்றை எடுத்துப் பேச்சியிடம் நீட்டி, இது என்ன என்று கேட்டார். "நோவு வந்த தூரு சார். தோண்டி எறிஞ்சு எரிச்சிரணும். விட்டா பக்கத்துத் தூருக்கும் ஏறிரும்" என்றாள் பேச்சி, யோசிக்காமல். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் செல்லக்கிளி செய்த முதல் வேலை, கார்பன் நகல் கட்டைப் பிரித்து அந்த ஆறு பேர் முகவரியையும் எடுத்தது. ஆறு பேருக்கும் கார்டு போட்டாள். இரண்டு பேர் வந்து திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவனுக்கு நிஜமாகவே அப்பா இல்லை, அவன் சான்றிதழோடு ஏற்கெனவே போய்வந்திருந்தான். மற்றவர்கள் வரவேயில்லை. மாதிரித் தாளைக் கிழித்துப் போட்டாள். அதற்கப்புறம் யார் வந்தாலும் முதலில் பெஞ்சில் உட்காரவைத்து, "அப்பா இருக்காரா? என்ன செய்றாரு? கூடப்பிறந்தவங்க எத்தனை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை என்று சொன்னால் பெயரைக் கேட்டாள், எப்படி இறந்தார் என்று கேட்டாள். பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமானது. வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு வந்ததைத் திருப்பி அனுப்பினாள்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. "வேலைக்கு எழுதச் சொன்னா சர்க்கார்க்காரி மாதிரி விசாரணை நடத்துறா" என்றார்கள். ராசி போய்விட்டது என்றார்கள். பாதிப் பேர் தேனிக்கு வேறு டைப்பிஸ்டைத் தேடிப் போய்விட்டார்கள். பாதி நாள் மிஷின் மூடியே கிடக்கும். மூசா ராவுத்தர் மட்டும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. செல்லக்கிளி அசையவில்லை. உண்மையை எழுத ஆரம்பித்தபின் அவளுடைய இங்கிலீஷும் கொஞ்சம் நன்றாகிக்கொண்டுதான் வந்தது.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. கார்த்திகை போனது, தை பிறந்தது. வாரச் சந்தைக்கு வருகிற குரங்கணி ஆட்களிடம் செல்லக்கிளி விசாரிப்பாள். பேச்சி மறுபடியும் காய் எடுக்கப் போகிறாள் என்றே பதில் வரும். வேலை கிடைக்காமல் போனதற்கு நாமல்லவா காரணம் என்று அவளுக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு.

மாசி மாதம் ஒரு மத்தியானம் ஒச்சப்பன் கழுதைகளைச் சந்தைப் பக்கம் கட்டிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். பிரிக்காத கவர் ஒன்று கையில் இருந்தது. "பேச்சி மேல தோட்டத்துல இருக்கா. பொறுக்க முடியல தாயி. பிரிச்சுச் சொல்லு" என்றார்.

செல்லக்கிளி பிரித்தாள். ஒரு தடவை வேகமாகப் படித்தாள்.

"வேலைதான்ணே! கேட்ட வேலை இல்ல, அதுக்கு ஒரு படி கீழ. நாத்துப் பண்ணையில. ஒரு வருசத்துக்குத் தற்காலிகம். ஒண்ணாந்தேதி போய்ச் சேரணும்."

ஒச்சப்பன் தலையை ஆட்டினார். துள்ளிக் குதிப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் பெஞ்சை விட்டு எழுந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, தாளைக் குனிந்து பார்த்தார்.

"இதுல என் பேரு எங்கன இருக்கு?"

செல்லக்கிளி விரலை வைத்துக் காட்டினாள். "இங்க. ஒச்சப்பன் மகள் பேச்சின்னு போட்டிருக்கு."

"பேருக்கு முன்னால ஒண்ணும் போடலையே? செத்தவுகளுக்கு முன்னால ஏதோ போடுவாகளாம்ல?"

"ஒண்ணும் இல்லண்ணே. வெறும் ஒச்சப்பன்தான்."

அவர் அந்த இடத்தில் தன் விரலை வைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று வடிந்தது. துடைக்கவில்லை. "காகிதந்தானன்னு வாய்க்குத்தான் தாயி சொன்னேன். இந்த அஞ்சு மாசமும் பயந்துக்கிட்டேதான் கெடந்தேன். எங்கயோ ஒரு ஆபீசுல நான் செத்தே கெடக்கேனோன்னு" என்றார்.

செல்லக்கிளி தாளைத் தன் பக்கம் இழுத்து, அவர் விரல் இருந்த வரியிலிருந்து மறுபடியும் உரக்கப் படித்தாள்.